என்னை யாரும் கேட்கவில்லை

அம்மாவிடம் லும்பினிக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். "சாமி கும்புடத்தானே, போயிட்டு வா. கூட யாரு வர்றா?" என்று கேட்டாள். கல்லூரியிலிருந்து நாலு பேர் என்றேன். அந்த நாலு பேர் எப்போதும் இருந்ததில்லை.

2013, ஏப்ரல் கடைசி. எனக்கு 32 வயது. முனைவர் பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். அந்தக் கௌரவத்துக்கு மே மாதம் சம்பளம் கிடையாது. வீட்டில் இருந்தால் மாப்பிள்ளை பார்க்க வருவார்கள். வந்தவர்கள், இவ்வளவு படித்த பெண்ணா என்று யோசித்துவிட்டுப் போவார்கள். ஐந்து வருடம் நான் ஆய்வு செய்த தலைப்பு சங்க அகப்பாடல்களில் பொருள்வயிற் பிரிவு. பொருள் தேடிப் போன ஆண்களையும், வாசலைப் பார்த்து நாள் எண்ணிய பெண்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். பெண்ணோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் சொல்கிறது. நேபாளத்துக்குப் போக எந்தக் கடலையும் கடக்க வேண்டியதில்லை, ஆகவே இலக்கணப்படி நான் தவறேதும் செய்யவில்லை என்று ரயிலில் நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இந்த ஆசையை விதைத்தவள் மாமல்லபுரத்தில் நான் சந்தித்த ஒரு வெளிநாட்டுப் பெண். 22 வயது இருக்கும். ஆஸ்திரேலியாவில் மூன்று மாதம் ஆப்பிள் பறித்தாளாம். அந்தப் பணத்தில் ஆறு மாதமாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தாள். காசு தீர்ந்தால் எங்காவது பாத்திரம் கழுவுவேன் என்றாள். பாத்திரம் கழுவுவதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. அவளைப் போன்றவர்களுக்கென்றே 'வேலையும் விடுமுறையும்' விசா என்று ஒன்று உண்டு. விசாரித்துப் பார்த்தேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அப்போது அது கிடையாது.

ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது. 1950இல் இந்தியாவும் நேபாளமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி, ஒரு நாட்டவர் மற்ற நாட்டில் விசா இல்லாமல் போகலாம், தங்கலாம், தொழில் செய்யலாம். வேலை செய்யத் தனி அனுமதி வேண்டாம். நம் ஊர் ஓட்டல்களில் நேபாளத்துப் பையன்கள் மேசை துடைப்பது அந்த ஒப்பந்தத்தால்தான். அதே வழியில் எதிர்த்திசையில் போய் மேசை துடைத்தால் என்ன என்று தோன்றியது.

அப்போது நேபாளத்தில் நம் 500, 1000 ரூபாய்த் தாள்களுக்குத் தடை இருந்தது. 9,000 ரூபாயையும் நூறு நூறாக மாற்றி, உள்பாவாடையில் பை தைத்து வைத்துக்கொண்டேன். சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ராப்திசாகர் எக்ஸ்பிரஸ், இரண்டு இரவு. கோரக்பூரிலிருந்து சுனௌலிக்கு மூன்று மணி நேரப் பேருந்து. சுனௌலியில் எல்லை என்பது கடைத்தெரு நடுவே நிற்கும் ஒரு வளைவு. லாரிகளுக்கும் ரிக்‌ஷாக்களுக்கும் இடையில் முதுகுப்பையோடு நடந்தேன். வாக்காளர் அட்டையைக் கையில் பிடித்திருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. கணவர் பெயர், தகப்பனார் பெயர், எதற்காகப் போகிறாய், யாரோடு போகிறாய் என்று ஒரு கேள்வியும் இல்லை. 50 அடி நடந்து அந்தப் பக்கம் போனதும் கடிகாரத்தில் 15 நிமிடம் கூட்டி வைத்துக்கொண்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற லும்பினிக்கும் போனேன். மாயாதேவி கோயிலின் முன் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பொக்காரா. ஃபேவா ஏரிக்கரையில் விடுதி விடுதியாக ஏறி வேலை கேட்டேன். ஐந்தாறு இடங்களில் சிரித்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, பருத்திச் சுடிதாரில், பிரச்சார சபாவில் படித்த இலக்கண சுத்தமான இந்தியில் பாத்திரம் கழுவ வேலை கேட்கும் பெண்ணை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஏழாவது இடத்தில், எட்டு அறைகள் கொண்ட சிறிய விடுதியில், குருங் இனத்தைச் சேர்ந்த ஐம்பது வயதுப் பெண் ஒருவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கை துணி துவைக்குமா?" என்றார். துவைக்கும் என்றேன். மூன்று வேளை சாப்பாடு, படுக்க இடம், நாளுக்கு 200 நேபாள ரூபாய். அவர்களுடைய 160 ரூபாய் நம்முடைய 100. ஆக என் தினக்கூலி 125 ரூபாய். அவரைத் தீதி என்று கூப்பிட்டேன். அக்கா என்று பொருள். சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டரில் 2070 என்று போட்டிருந்தது. நம் சித்திரை முதல் நாளை ஒட்டித்தான் அவர்களுக்கும் வருடம் பிறக்கிறது, எண்ணிக்கைதான் வேறு. எல்லாவற்றிலும் 57 வருடம் முன்னால் போய்விட்டதுபோல முதல் நாள் ஒரு கிறுக்கு மகிழ்ச்சி.

இரண்டாம் நாள் அந்த மகிழ்ச்சி முதுகுவலியானது. காலை ஐந்துக்கு எழுந்து அடுப்புப் பற்றவைக்க வேண்டும். வெங்காயம் ஒரு கூடை. எட்டு அறைகளின் படுக்கை விரிப்புகளைக் கையால் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட வேண்டும். பொக்காராவில் மதியத்துக்கு மேல் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பாதி காய்ந்த விரிப்புகளை வாரிக்கொண்டு ஓடிவருவதும் மறுபடி போடுவதுமாகப் பொழுது போகும். மின்சாரம் நாளின் பெரும்பகுதி இருக்காது. கரெண்ட் வந்த நேரத்தில் மோட்டார் போட யாராவது நினைவு வைத்திருக்க வேண்டும். சாக்பீஸ் பிடித்துக் காய்த்த விரல்கள் சோப்பில் ஊறித் தோல் உரிந்தன. வீட்டில் அம்மா இத்தனை வருடம் செய்த வேலைதான் இது. அதை முதன்முதலாகக் கூலிக்குச் செய்தபோதுதான் அதற்கு ஒரு விலை இருப்பது எனக்கு உறைத்தது.

ஆனாலும் சந்தோஷமாக இருந்தேன், மறைக்கவில்லை. மாலை நாலு மணிக்கு வேலை முடிந்ததும் ஏரிக்கரையில் நடப்பேன். மேகம் விலகினால் மச்சபூச்சரே தெரியும். மீன் வால் என்று பொருள். யாருக்கும் என்னைத் தெரியாது. எங்கே போய் வருகிறாய் என்று கேட்கும் எதிர்வீடு இல்லை. அந்த வாரம் எழுதிய கவிதைகள் பிறகு என் முதல் தொகுப்பில் சேர்ந்தன.

என்னோடு வேலை செய்தவள் ஒரு பெண். அவளைப் பைனி என்று கூப்பிட்டேன். தங்கை என்று பொருள். 24 வயது. மலைக்கிராமத்தில் தாயாரிடம் நாலு வயது மகனை விட்டுவிட்டு வந்திருந்தாள். கணவன் மலேசியாவுக்குப் போனவன், முதல் வருடத்துக்குப் பிறகு பணம் அனுப்பவில்லை. மோமோ மடிக்க எனக்கு அவள்தான் கற்றுக்கொடுத்தாள். நான் பிடித்த மடிப்பெல்லாம் வெந்நீரில் வாய் பிளந்தது. இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். காலை வணக்கம், வெந்நீர் தயார், இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா.

மூன்றாவது வாரம் அவளுடைய சம்பளம் தெரியவந்தது. மாதம் 4,000 நேபாள ரூபாய். என் கூலியைக் கணக்கிட்டால் மாதம் 6,000. எனக்கு மோமோ மடிக்கத் தெரியாது. அடுப்புப் பற்றவைக்க இரண்டு தீக்குச்சி வேண்டும். ஆனால் விருந்தினர்களோடு ஆங்கிலம் பேசுவேன், ரசீது எழுதுவேன். தீதியிடம் கேட்டேன். "நீ ஒரு மாதத்தில் போய்விடுவாய். உன் கூலி செலவு. அவள் கூலி பழக்கம்" என்றார். நிரந்தரப் பேராசிரியர்களோடு ஒரே ஓய்வறையில் உட்கார்ந்து, ஒரே பாடத்தை நடத்தி, அவர்கள் வாங்குவதில் சிறு பங்கு வாங்கிக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை. மேலே நான் இருந்ததுதான் புதிது. கூலியைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று பைனியிடம் சொன்னேன். "பிச்சையா?" என்று கேட்டுவிட்டு வெங்காயத்தை அரியத் தொடங்கினாள்.

நடுவில் பத்து நாள் தீதியின் உறவினர் விடுதியில் வேலை செய்யக் கந்துருக்குக்குப் போனேன். அன்னபூர்ணா மலைக்குக் கீழே, 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் குருங் கிராமம். ஆண்களில் பலர் பிரிட்டிஷ், இந்தியப் படைகளுக்குப் போனவர்கள். அந்த மாதிரிக் கிராமங்களில் அம்மாக்கள் சேர்ந்து நடத்தும் ஆமா சமூகக் குழுக்கள் உண்டு. மலையேற வருகிறவர்கள் முன் ஆடிப்பாடிப் பணம் திரட்டுவார்கள். அந்தப் பணத்தில் நடைபாதைக்குக் கல் பாவுவார்கள். குடியையும் சூதாட்டத்தையும் தட்டிக்கேட்பார்கள். நான் ஏறிய ஆயிரக்கணக்கான கற்படிகளில் எத்தனை அவர்கள் ஆடிச் சேர்த்த காசோ. வழியில் பெண் வழிகாட்டிகளையும் பார்த்தேன். 1994இல் பொக்காராவில் மூன்று சகோதரிகள் தொடங்கிய நிறுவனம் அந்த வழியைத் திறந்தது. மலையில் ஆண் வழிகாட்டிகளால் தொல்லைப்பட்ட பெண் பயணிகளின் பேச்சைத் தங்கள் விடுதியில் கேட்டுத்தான் அவர்கள் அதைத் தொடங்கினார்கள். பயணியின் பாதுகாப்புக்கு அவர்கள் கண்ட வழி, உள்ளூர்ப் பெண்ணுக்கு வேலை. இதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். எழுதியதைக் கடைப்பிடிக்கும் சந்தர்ப்பம் வந்தபோது என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

ஜூன் முதல் வாரம். நான் ஊருக்குக் கிளம்ப நாலு நாள் இருந்தது. மொட்டைமாடியில் விரிப்பு மடிக்கும்போது பைனி கேட்டாள்: "தீதி, என்னையும் எல்லை தாண்டிக் கூட்டிக்கொண்டு போங்கள்."

குவைத்தில் வீட்டு வேலை. டெல்லியில் ஒரு ஏஜெண்ட். மாதம் எவ்வளவு என்று அவள் சொன்ன தொகை, இந்த விடுதியில் ஐந்து மாதச் சம்பளம். காத்மாண்டுவிலிருந்து நேராகப் போக முடியாது. 30 வயதுக்குக் கீழே உள்ள பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகக் கூடாது என்று நேபாள அரசு முந்தைய ஆண்டு ஆகஸ்ட்டில் தடை போட்டிருந்தது. வீடுகளுக்குள் பெண்கள் பட்ட கொடுமைகள் செய்தியாக வந்த பிறகு போட்ட தடை. தடை வந்ததால் யாரும் போகாமல் இருக்கவில்லை. திறந்த எல்லை வழியாக இந்தியாவுக்குள் வந்து, இங்குள்ள விமான நிலையங்களிலிருந்து போனார்கள். அப்படிப் போகிறவள் எந்தப் பதிவிலும் இருக்க மாட்டாள்.

"சுனௌலியில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். தனியாகப் போகிற பெண்ணை நிறுத்திக் கேட்பார்கள். நீங்கள் கூட இருந்தால் கேட்க மாட்டார்கள். டீச்சர் வீட்டு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுவேன்."

என் வாயிலிருந்து வந்த முதல் சொல் பாதுகாப்பு. அது பாதுகாப்பில்லை, பைனி. ஊர் தெரியாது, மொழி தெரியாது, ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது. சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது. அது அம்மாவின் வாக்கியம். ஒரு சொல் மாறாமல், மூச்சுவிடும் இடம்கூட மாறாமல் அம்மாவின் வாக்கியம்.

அவள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி நின்றாள். "உங்களுக்கும் இந்த ஊர் தெரியாதே. நீங்களும் பாத்திரம் கழுவத்தானே வந்தீர்கள்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்கும் மாணவியைப் போலக் கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வராமல், விரிப்பை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் அவள் படுக்கை காலியாக இருந்தது. தீதி எதுவும் பேசவில்லை. அன்று பால் பொங்கி அடுப்பு அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

திரும்பும்போது சுனௌலியில் அந்தப் பெண்களைப் பார்த்தேன். வளைவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சாவடி. இரண்டு இளம்பெண்களை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் செய்வதைக் குறைசொல்ல மாட்டேன். அந்த எல்லை வழியாகப் பெண்கள் விற்கப்பட்ட கதைகள் கற்பனையல்ல. அந்தக் கேள்வியால் திரும்பிப்போய்ப் பிழைத்தவர்கள் உண்டு. என் கண்ணாடியையும் பையையும் பார்த்துக் கையசைத்தார்கள், போகலாம் என்று. பைனியை நிறுத்தினீர்களா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அவளைக் காட்டிக்கொடுத்ததாகுமா, கேட்காவிட்டால் கைவிட்டதாகுமா என்று தெரியவில்லை. கேட்காமல் நடந்தேன். கடிகாரத்தில் 15 நிமிடத்தைக் குறைத்துக்கொண்டேன்.

2015 ஏப்ரல் 25, நேபாளத்தில் நிலநடுக்கம். மறுநாள் முழுக்க முயன்று தீதியைப் பிடித்தேன். பொக்காராவில் சேதம் அதிகமில்லை, விடுதி நிற்கிறது என்றார். பிறகு, "அவள் பேசினாள்" என்றார். கிட்டத்தட்ட இரண்டு வருடத்தில் முதல் தடவை. நிலநடுக்கச் செய்தியைப் பார்த்து வீட்டுக்காரம்மா போன் கொடுத்தாராம். மகன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டு அழுதாளாம். அப்படியானால் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஊருக்குப் பணமும் வந்துகொண்டிருந்தது. அதோடு, ஒரு நாடே இடிந்த பிறகுதான் அவள் கைக்கு ஒரு போன் வந்தது. நான் பயந்ததும் தப்பில்லை, அவள் போனதும் தப்பில்லை.

அவளை நான் அழைத்துப் போயிருக்க வேண்டுமா என்று இத்தனை வருடம் கழித்தும் என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. தெரியாத ஏஜெண்ட்டிடம் ஒரு பெண்ணைக் கொண்டுபோய் விட இன்றும் கால் வராது. ஆனால் கூட்டிப்போவதற்கும் கூடாது என்பதற்கும் நடுவில் செய்ய எவ்வளவோ இருந்தது. ஏஜெண்ட்டின் பெயர், எண்ணைக் கேட்டு எழுதி வைத்திருக்கலாம். குவைத்தில் நேபாளத் தூதரகத்தின் எண்ணைத் தேடிக் கொடுத்திருக்கலாம். பாஸ்போர்ட்டின் நகலைத் தீதியிடம் வைத்துவிட்டுப் போ என்று சொல்லியிருக்கலாம். மாதம் ஒருநாள் பேச வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள் என்றிருக்கலாம். இரவு இரவாக அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேனே, அத்தனையும் பரிமாறுகிறவளின் வாக்கியங்கள். என் சம்பளம் வரவில்லை, என் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், என்னை அடிக்காதீர்கள் என்பதில் ஒன்றைக்கூடச் சொல்லித்தரவில்லை. பாதுகாப்பு என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் இத்தனை வேலையும் மிச்சம். அதனால்தான் அரசுகளுக்கும் குடும்பங்களுக்கும் அந்தச் சொல் அவ்வளவு பிடித்திருக்கிறது.

2021இல் நேபாளக் குடிவரவுத் துறை இன்னும் ஒரு படி போனது. 40 வயதுக்குக் கீழே உள்ள பெண் முதல்முறையாக மத்தியக் கிழக்குக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போக வேண்டுமானால், குடும்பத்தின் சம்மதமும் உள்ளூர் வார்டு அலுவலகத்தின் கடிதமும் வேண்டும் என்று ஒரு யோசனையை முன்வைத்தது. காத்மாண்டுவில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த ஆண்டு எனக்கு 40 நிறைந்தது. நேபாளத்தைச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. இந்தியாவிலும் பத்தாம் வகுப்பு முடிக்காத பெண் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயது ஆகியிருக்க வேண்டும்.

2024 அக்டோபரில் என் மாணவி ஒருத்தி ஓய்வறைக்கு வந்தாள். ஆஸ்திரேலியாவின் அந்த 'வேலையும் விடுமுறையும்' விசா இந்தியர்களுக்கும் திறந்திருந்தது. வருடத்துக்கு 1,000 பேர், குலுக்கல் முறையில். பல்லாயிரம் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். வயது 18 முதல் 30 வரை. எனக்கு மூடியிருந்த கதவு திறந்தபோது நான் வயது கடந்திருந்தேன். ஆனால் எனக்கு உறைத்தது அந்த 30 என்ற எண். பட்டம் படித்தவளிடம், இளமை போவதற்குள், 30க்கு முன் வந்து பழம் பறித்துவிட்டுப் போ என்கிறது ஒரு விதி. படிக்காதவளிடம், நீ இளம்பெண், 30க்கு முன் வெளிநாட்டில் பாத்திரம் கழுவப் போகாதே என்கிறது இன்னொரு விதி. இருவரும் செய்யப்போவது கூலி வேலைதான். ஒருத்திக்கு அது அனுபவம், இன்னொருத்திக்கு ஆபத்து.

"மேடம், வீட்டுல நீங்க வந்து சொன்னா கேப்பாங்க" என்றாள் மாணவி. போனேன். அவள் அம்மா காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அவர் வாயிலிருந்தும் அதே சொல்தான் முதலில் வந்தது.

"பாதுகாப்பா இருக்குமா மேடம்?"

"அதை நான் சொல்ல முடியாதுங்க. ஆனா என்னென்ன கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்னு சொல்ல முடியும்."

சொன்னேன். முதலில் குலுக்கலில் பெயர் வர வேண்டும். கையில் 5,000 டாலர் காட்ட வேண்டும். அதைத் திரும்பிவருவதற்கென்று வைத்துக்கொள்ள வேண்டும், தொடக் கூடாது. ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. அங்கே சட்டப்படி குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 24.10 டாலர், அன்றாட வேலைக்கு அதற்கு மேல். பழத்தை எடை போட்டுக் கூலி கொடுத்தாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்று 2022 முதல் விதி இருக்கிறது. சம்பளச் சீட்டு கேட்டு வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுக்கக் கூடாது. தங்குமிடத்தின் முகவரி வீட்டில் இருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அன்றே கிளம்பி வரலாம், வந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. இது பெண்ணுக்கு இல்லை, வீட்டுக்கு.

அந்தம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க போனப்ப உங்க அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"சாமி கும்புடப் போறேன்னு பொய் சொல்லிட்டுப் போனேன்" என்றேன். "எங்க இருக்கேன்னு ஒன்றரை மாசம் அவங்களுக்குத் தெரியாது. அது தப்பு. ஆனா உண்மையைச் சொல்ல அப்போ வழியில்லாம இருந்துச்சு."

அவர் எழுந்து உள்ளே போனார். மாணவி என்னைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவர் கையில் பாதி எழுதிய பால் கணக்கு நோட்டும் பேனாவும் இருந்தன.

"மறுபடி முதல்ல இருந்து சொல்லுங்க மேடம். எழுதிக்கிறேன்."